சும்மா இருந்த இடது கால்

நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் புதிதாக ஒரு வண்டி வாங்கியிருக்கிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. என் இடத்தில் இப்போது தேவன் என்பவர் டிரைவராக இருக்கிறார். "அண்ணே, ஒரு ரவுண்டு போவோம் வாங்கலா, ஓட்டம் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாய்க்கு அப்பால், சுண்ணாம்புக்கல் மலையை ஒட்டி ஒரு மண் பாதை போகிறது. அதில் கூட்டிக்கொண்டு போனார்.

முந்தின நாள் நல்ல மழை. ஒரு மேட்டில் ஏறும்போது பின் சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கி வெறுமனே சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் இருந்த என் இடது கால் தன்னால் முன்னே போய் எதையோ மிதித்தது. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. அதற்குள் வண்டிக்கு அடியில் 'கர்ர், கர்ர்' என்று ஒரு சத்தம். ஸ்டேரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு மின்னியது. வண்டி தன்பாட்டில் மேட்டில் ஏறிவிட்டது.

"என்னாலா சத்தம் அது?"

"டிராக்‌ஷன் கண்ட்ரோல் அண்ணே. எந்த டயரு வழுக்குதுன்னு கம்ப்யூட்டர் பாத்துக்கும். அந்த ஒரு டயருக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். அப்ப சக்தி மத்த டயருக்குப் போயிரும். ஆனா ரொம்ப சேறுன்னா இந்தப் பட்டனை அமுக்கி நிப்பாட்டிரணும். இல்லாட்டி இஞ்சினையும் சேத்து அடக்கிரும், நடுச் சேத்துல நின்னுருவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் செய்கிற வேலையை ஒரு காலத்தில் என் இடது கால் செய்துகொண்டிருந்தது. தேவன் விடவில்லை. "இதெல்லாம் இல்லாம தோட்டத்துல எப்படிண்ணே ஓட்டுனீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். காரில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர்ப்பால் எடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்து வர்க்‌ஷாப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் கிரீஸ் பூசினேன், பிறகு டயர் மாற்றினேன், பிறகு லைசென்ஸ் எடுத்தேன். தோட்டத்து லேண்ட்ரோவர் என் கைக்கு வந்தபோது எங்கள் மாதா கோயில் பாதிரியாரிடம் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்து வாங்கினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

வர்க்‌ஷாப் ஃபோர்மேன் பெயர் லியோங். சீனர். தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். எல்லாருக்கும் லியோங் அண்ணே. அவர் ஒருநாளும் கத்தியதில்லை. கத்துவதற்குப் பதிலாகக் கேள்வி கேட்பார். போல்ட்டை ஒருவன் சரியாக இறுக்காவிட்டால், "இது குன்று ஏறி மேல் டிவிஷன் வரைக்கும் கூட வருமாலா?" என்பார். அவ்வளவுதான். கேட்கப்பட்டவன் காது சிவந்து ஸ்பேனரைத் தேடிப் போவான். நானும் அப்படிப் பலமுறை போயிருக்கிறேன்.

சேற்றில் இறங்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். சேற்றைக் கண்டதும் வண்டியை நிறுத்த வேண்டும். இறங்கி, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, வண்டி போகப்போகும் தடத்தில் அக்கரை வரை நடக்க வேண்டும். கம்பு எங்கே ஆழமாக இறங்குகிறது, அடியில் கல் இருக்கிறதா, வெறும் களிமண்ணா என்று பார்க்க வேண்டும். நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற கியரைக் கரையில் நிற்கும்போதே போட்டுவிட வேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு போட்டால் பாதிப் பலன்தான். உள்ளே போனபின் கிளச்சைத் தொடக்கூடாது. ஸ்டேரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல் வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லில் சக்கரம் அடிபட்டு ஸ்டேரிங் திரும்பும்போது விரல் உடையும். காலில் சேறு படும் என்று இறங்காமல் போகிற டிரைவரைப் பார்த்தால், "செருப்பு புதுசா?" என்று கேட்பார்.

டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்ததும் அவரால்தான். ஒருநாள் லேண்ட்ரோவரின் பின்பக்கத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். முன் சக்கரத்துக்குச் சக்தி போகாதபடி சாதாரண கியரில் ஓட்டச் சொன்னார். தூக்கின சக்கரம் காற்றில் விர்ரென்று சுற்றியது. தரையில் இருந்த சக்கரம் அசையவே இல்லை. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"ரெண்டு சக்கரத்துல எதுக்கு வேலை கூடுதல்?"

"தரையில இருக்குறதுக்கு."

"சக்தி எதுக்குப் போவுது?"

"சும்மா சுத்துறதுக்கு."

"பாத்தியா? சுலபமா சுத்துறவனுக்குத்தான் இந்தப் பொட்டி எல்லாத்தையும் அள்ளிக் குடுக்கும்" என்றார்.

அப்படியானால் இந்தக் கெட்ட பெட்டி எதற்கு என்று கேட்டேன். தோட்டத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் வரிசையாக அணிவகுத்துப் போவதை நினைத்துப் பார்க்கச் சொன்னார். வரிசை வளைவில் திரும்பும்போது உள்ளே இருக்கிற பிள்ளை சின்ன எட்டு வைக்கும், வெளியே இருக்கிற பிள்ளை பெரிய எட்டு வைக்கும். இரண்டும் ஒரே எட்டு வைத்தால் வரிசை திரும்பாது. சக்கரமும் அப்படித்தான். வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்கு அந்தப் பெட்டி இடம் கொடுக்கிறது. நல்ல ரோட்டில் அது புண்ணியவான். சேற்றில்தான் ஆளை மாற்றிக் கும்பிடுகிறது.

அதற்கு மருந்தையும் அன்றே காட்டினார். எங்கள் லேண்ட்ரோவரில் கைப்பிரேக் சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடிக்காது, நடுவில் ஓடுகிற தண்டைத்தான் பிடிக்கும். அதனால் இந்த வேலைக்கு அது உதவாது. கால் பிரேக்தான் வழி. வண்டியைச் சின்ன கியரில் போட்டு, கிளச்சை முழுதாக விட்ட பிறகு இடது கால் சும்மாதானே இருக்கிறது? அதை பிரேக் மேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். வலது கால் எக்ஸிலேட்டரை விடக்கூடாது. சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கு இப்போது சுற்றுவது அவ்வளவு சுலபமில்லை. பெட்டி ஏமாந்து மற்ற சக்கரத்துக்கும் கொஞ்சம் சக்தியைத் தள்ளிவிடும். கூட அழுத்தினால் இஞ்சின் நின்றுபோகும், குறைத்து அழுத்தினால் பலன் இல்லை. ஒரு முட்டையைக் காலால் பிடிப்பது போல அந்த அளவு. அதைப் பழக எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

பழகியதற்கு ஒருநாள் அர்த்தம் கிடைத்தது.

எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன் குன்றின் மேல் இருந்தது. அங்கே லயத்து வீடுகளில் குடியிருந்த பெண்கள் பலர் கீழே இருந்த நிரைகளில், அதாவது ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்த மர வரிசைகளில், மரம் வெட்டினார்கள். காலையில் லோரி அவர்களைக் கீழே கொண்டுவந்து இறக்கும், பால் நிறுத்துக் கொடுத்த பிறகு மேலே கொண்டுபோய் விடும். லோரி டிரைவர் குணசேகரனுக்கும் எனக்கும் ஒரே வயது. மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த மழைக்காலத்தில் அவன் மேல் டிவிஷன் ரோட்டைப் பற்றி வாரம் தவறாமல் ஆபீஸில் முறையிட்டுக்கொண்டிருந்தான். கல் போடுகிறோம் என்று பதில் வரும். கல் வராது.

அன்று நானும் லியோங் அண்ணனும் மேலே தண்ணீர் பம்பைப் பழுதுபார்த்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். மதியம்தான், ஆனால் மழையில் பொழுது சாய்ந்தது போல இருந்தது. பெரிய வளைவுக்கு மேலே வந்ததும் பெண்கள் அலறுகிற சத்தம் கேட்டது.

லோரி மேட்டில் ஏறமுடியாமல் பின்னால் வழுக்கி, அதன் பின்பக்கம் ரோட்டோரத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. இடது பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. கீழே ஆறு ஓடுகிற பள்ளம். ஒரே ஒரு ரப்பர் மரம் லோரியின் மூலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதன் வேர் ஒரு பக்கம் மண்ணைவிட்டு எழும்பியிருந்தது. லோரிக்குள் பதினைந்து பெண்கள் இருப்பார்கள். குணா ஸ்டேரிங்கில் இருந்தான். கைப்பிரேக் தாங்கவில்லை. அவன் கால் பிரேக்கை மிதித்திருந்ததால்தான் லோரி நின்றது. அவனால் இறங்க முடியாது. இஞ்சினைக் கொண்டும் பயனில்லை. அவன் எவ்வளவு முடுக்கினாலும் அந்தரத்தில் தொங்குகிற சக்கரம்தான் சுற்றும், தரையில் இருந்த சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

லியோங் அண்ணன் அன்று கேள்வி கேட்கவில்லை. "வண்டியை மேல திருப்பு. பின்னால இறக்கிக்கிட்டு வா. மெதுவா" என்றார். இறங்கி லோரியை நோக்கி நடந்தார். ஓடவில்லை. ஓடினால் உள்ளே இருப்பவர்கள் பயந்து குதிப்பார்கள் என்று பிறகு சொன்னார்.

நான் மேலே அகலமான இடத்தில் திரும்பி, பின்பக்கமாக இறக்கி வந்தேன். லோரியின் முன்கொக்கிக்கும் என் வண்டியின் பின்கொக்கிக்கும் வயர் கயிற்றை மாட்டினார். என் வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஒரு சங்கிலியை மேலே இருந்த பெரிய மரத்தில் கட்டினார், லோரி என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடாதபடி.

"இப்ப இழுக்க வேணாம் அந்தோணி. பிடிச்சா போதும்."

கயிறு விறைக்கும் வரை நகர்ந்து பிடித்துக்கொண்டேன். அவர் லோரிக்குள் பார்த்துச் சாதாரணமாகப் பேசினார். "பின்னால உள்ளவங்க முதல்ல முன்னால வாங்க. வாளியை விட்டுட்டு வாங்க. யாரும் குதிக்கக் கூடாது." பின்பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலைப்பக்கம் தவழ்ந்து வந்தார்கள். பாரம் முன்னால் வந்ததும் மரம் கொஞ்சம் மூச்சுவிட்டது போல நிமிர்ந்தது. பிறகு டிரைவர் இருக்கைக்குப் பின்னால், ரோட்டுப் பக்கத்துப் பலகையைத் தாண்டி ஒவ்வொருவரையும் இறக்கினார். கடைசிப் பெண்ணும் இறங்கிவிட்டாள். மிஞ்சியவன் குணா ஒருவன்தான்.

இப்போது இழுத்தாக வேண்டும். சின்ன கியரைப் போட்டு மெல்ல முடுக்கினேன். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கத்துச் சக்கரமும் சேற்றில் சுற்றின. மற்ற இரண்டும் சும்மா நின்றன. இடது காலை பிரேக்கில் வைத்து அழுத்தினேன். வண்டி ஒரு சாண் முன்னே வந்தது. பிறகு நான்கு சக்கரமும் ஒன்றாகச் சுற்றின. நான்கும் வழுக்கினால் எந்த வித்தையும் பலிக்காது. பின்பக்கம் காலி, வண்டி அந்த இழுப்புக்கு இலேசு. சுற்றச்சுற்றச் சக்கரம் குழி தோண்டியது. நிறுத்தினேன்.

பெண்கள் அதற்குள் ரப்பர்க் கிளைகளைப் பாராங் கத்தியால் வெட்டி, தங்கள் கோணிகளையும் சேர்த்து என் சக்கரங்களுக்கு முன்னால் போட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. லியோங் அண்ணன் குனிந்து பார்த்தார். "பிடிமானம் இருக்கு. பின்னால பாரம்தான் இல்ல" என்று தனக்குள்ளே சொல்வது போலச் சொன்னார். சுற்றிலும் பார்த்தார். கல் இல்லை. அந்த ரோட்டில் கல் இருந்திருந்தால் இந்த நிலையே வந்திருக்காது. பாரம் என்று இருந்தது அந்தப் பெண்கள்தான். அவர் அவர்களைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். செத்துப் பிழைத்து இறங்கி நிற்கிறவர்களை, அதே கயிற்றில் கட்டியிருக்கிற வண்டியில் ஏறு என்று எந்த வாயால் சொல்வது?

சரோஜா என்ற பெண் முன்னால் வந்தாள். என் மனைவிக்குத் தெரிந்தவள், மற்றபடி எனக்கு அதிகம் பழக்கமில்லை. "நாங்க உக்காந்தா வண்டி வழுக்காதாண்ணே?"

"வழுக்காதும்மா. சங்கிலி கட்டியிருக்கு, தாங்கும். ஆனா ஏறுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் லியோங் அண்ணன்.

"நீங்க சொல்ல வேணாம்லா" என்று சொல்லிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு பின்பக்கத்தில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு வரிசையாக. ஒருத்தி அழுதுகொண்டே ஏறினாள். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து கோணிகளின் மேல் அமர்ந்தது. எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது நனைந்த முகங்கள் மட்டும்தான். யாரோ 'முருகா' என்றார்கள், நான் 'மாதாவே' என்றேன்.

இன்னும் ஒரு வேலை இருந்தது. நான் இழுக்கும்போது குணா பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவனுடைய பிரேக்கே எனக்கு எதிரி. லியோங் அண்ணன் அவனுக்கு எதிரே நின்று, "நான் கையைக் கீழ போட்டதும் காலை எடு" என்றார்.

"எடுத்தா போயிருவேண்ணே" என்றான் குணா. குரல் குணாவுடையது போலவே இல்லை.

நான் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். "மச்சான்! பிடிச்சிருக்கேன்டா. எடு!"

எக்ஸிலேட்டரை மிதித்தேன். இடது காலால் முட்டையைப் பிடித்தேன். லியோங் அண்ணன் கையைக் கீழே போட்டார். கயிறு ஒரு முனகல் முனகியது. ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அது அடங்கியது, மறுபக்கத்துச் சக்கரம் கோணியைக் கவ்வியது. வண்டி நகர்ந்தது. பின்னால் மரம் மடாரென்று முறிந்து பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பெண்கள் கத்தியது அலறல் இல்லை என்று புரிந்த பிறகுதான் பிரேக்கை முழுதாக மிதித்தேன். லோரியின் எல்லாச் சக்கரமும் ரோட்டில் இருந்தன.

குணாவை நாங்கள் தூக்கித்தான் இறக்கினோம். அவனுடைய கால் மடங்கவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். சரோஜா தன் தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த வரக்காப்பியை அவனிடம் நீட்டினாள். குடித்துவிட்டு, "சீனி பத்தலலா" என்றான். அப்போதுதான் எல்லாரும் அழுதார்கள்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்கு எல்லாரும் வந்து நின்றபோது லோரி சாவியைக் காணவில்லை. தோட்ட மேனேஜரான பெரிய தொரை ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார். "சாவி என் பையிலதான் இருக்கு" என்றார் லியோங் அண்ணன். "மேல் ரோட்டுக்குக் கல்லு வரட்டும், தாரேன். அது வரைக்கும் மேல் டிவிஷன் ஆளுங்களுக்கு மேலேயே நிரை குடுங்க." வேலை போய்விடும் என்று தொரை சொன்னார். "போகட்டும். லோரியை யாரு ஓட்டுவா?" என்று கேட்டார் அவர். பழையபடி கேள்வி. பக்கத்தில் நின்ற குணாவோ நானோ ஓட்டுகிறேன் என்று முன்வரவில்லை. அந்த வாரமே கல் வந்தது. அவர் வேலை போகவில்லை. ஆனால் தொரை அதன்பின் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அடுத்த ஆண்டு அவரே விலகி, ஜெலாப்பாங்கில் சொந்தமாக ஒரு சின்ன வர்க்‌ஷாப் போட்டார்.

எண்பதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நான் இரண்டு பிள்ளைகளோடு ஈப்போவில் வந்து நின்றபோது ஒரு சர்வே கம்பெனியில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். "இவன் இறங்கி நடந்து பாக்குற டிரைவர்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சிபாரிசில் ஓய்வு பெறும்வரை என் பிழைப்பு ஓடியது.

அந்தக் கம்பெனியில்தான் முதன்முதலில் டிஃபரன்ஷியலைப் பூட்டுகிற வண்டியை ஓட்டினேன். ஒரு பட்டனை அமுக்கினால் பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகக் கட்டுப்பட்டு ஓடும். ஒன்று அந்தரத்தில் நின்றாலும் மற்றது இழுக்கும். சொர்க்கம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் மலையில் பூட்டை எடுக்காமலே இறக்கத்தில் வளைத்தேன். ஸ்டேரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை, நேராக ஓரத்துக்குப் போனது. இரண்டு சக்கரமும் ஒரே எட்டு வைத்தால் வரிசை திரும்பாது அல்லவா? பூட்டைத் தட்டிவிட்டதும் வண்டியின் மூக்கு வளைவுக்குள் வந்தது. சேற்றுக்கு ஒரு பெட்டி, வளைவுக்கு ஒரு பெட்டி என்று இல்லை. ஒரே பெட்டியை எங்கே பூட்டுவது, எங்கே திறந்துவிடுவது என்பதுதான் தொழில்.

லியோங் அண்ணன் இப்போது இல்லை. குணா மகள் வீட்டில் இருக்கிறான், மழை வந்தால் அந்தக் கால் வலிக்கிறது என்பான். சரோஜா ஈப்போவில் மகனோடு ஃபிளாட்டில் குடியிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள், தீபாவளிக்கு நாங்கள் போவோம். போன கிறிஸ்துமஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். உயிர் தப்பி இறங்கினவள், எந்தத் தைரியத்தில் திரும்ப ஏறினாய் என்று.

"தைரியமா? வீட்டுல எல்லாரும் என்னைக் குண்டச்சி, குண்டச்சின்னு கேலி பண்ணுவாங்கண்ணே. அன்னிக்கி ஒரு நாளுதான் என் எடைக்கு மரியாதை" என்று சொல்லிச் சிரித்தாள். என் மனைவிக்குப் புரையேறிவிட்டது.

சிரிப்பு அடங்கிய பிறகு, தட்டில் இருந்த கோழிக்குழம்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"குணா அண்ணனை விட்டுட்டு ஓடியிருந்தா, மறுநாளு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இன்னொரு லோரியில ஏறுவேன்? நம்ம வேலைக்குப் போவணும்ல."

பிறகு என் தட்டைப் பார்த்து, "என்னண்ணே கைய நிப்பாட்டிட்டீங்க, சாப்புடுங்கலா" என்றாள்.